காலத்தைக் காத்த தமிழர்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், இந்நாளில் பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த நகரமாக விளங்குகின்றது. இந்நகரில் உருவாகும் ஆடைகள் கடல் கடந்த நாடுகள் பலவற்றிற்கும் செல்கின்றன. ஆயின், பின்னல் எந்திரங்களின் ஓசை இவ்வூரை நிறைப்பதற்கு முன்னர், இங்கு இராட்டையின் ஓசையே மிக்கிருந்தது. 1925-ஆம் ஆண்டு காந்தியடிகள் தோற்றுவித்த சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை, திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு பணியாற்றியது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் மகளிர் நூற்ற நூல் தறிகளுக்குச் சென்றது. தறிகளில் நெய்த கதர் நாடெங்கும் சென்றது. காந்தியடிகளும் இவ்வூருக்கு ஒரு முறைக்கு மேல் வருகை புரிந்தார். 1932-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10-ஆம் நாள் இவ்வூர்த் தெருவில் கொடியேந்திச் சென்ற குமரன், தடியடி பட்டு மறுநாள் உயிர் நீத்தார்.

இச்செய்திகளையெல்லாம் நாம் நூல்களின் வாயிலாக அறிகின்றோம். ஆயினும், அக்காலத்து மக்கள் எங்ஙனம் நடந்தனர், எங்ஙனம் அமர்ந்து நூற்றனர், தலைவரைக் கண்டபோது அவர்தம் முகம் எங்ஙனம் மலர்ந்தது என்பனவற்றை எழுத்து முற்றும் காட்டவல்லதன்று. அவற்றைக் கண்முன் நிறுத்தவல்ல கருவி ஒன்று உண்டு. அதுவே ஆவணப்படம். கற்பனைக் கதையை நடிகர் நடித்துக் காட்டுவது கதைப்படம். உண்மையாக நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே பதிவுசெய்து, முறைப்படத் தொகுத்துக் காட்டுவது ஆவணப்படம். அத்தகைய படத்தால் காந்தியடிகளின் காலத்தைப் பிற்காலத்தார்க்குக் காத்தளிக்க முயன்ற தமிழர் ஒருவர் இருந்தார். அவரே ஏ. கே. செட்டியார்.

அசையும் படத்தின் தோற்றம்

அசையும் படம் என்பது தோன்றிய காலத்திலேயே உண்மை நிகழ்ச்சியோடு உறவு பூண்டிருந்தது. 1895-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் லூமியர் உடன்பிறந்தார் எடுத்த முதற்படங்களுள் ஒன்று, லியோன் நகரத்துத் தொழிற்சாலையினின்று தொழிலாளர் வெளிவரும் காட்சியாகும். அப்படம் ஒரு மணித்துளி நேரமும் ஓடாது. வாயிற் கதவு திறக்கின்றது. மகளிரும் ஆடவரும் வெளிவருகின்றனர். நாய் ஒன்று குறுக்கே ஓடுகின்றது. மிதிவண்டியில் சிலர் செல்கின்றனர். அவ்வளவே. மாலையில் திருப்பூர்த் தொழிற்சாலைகளின் வாயிலில் நாள்தோறும் காணும் காட்சிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும், அத்தொழிலாளர் மறைந்து பல்லாண்டுகள் கடந்த பின்னரும், அவர்தம் நடையும் உடையும் பொலிவும் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. எளிய காட்சியும் காலத்தால் அரிய செல்வமாகும் என்பதற்கு இதுவே சான்று.

இப்புதுக்கலை கொங்கு நாட்டார்க்கும் விரைவில் அறிமுகமாயிற்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், 1905-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படங்காட்டும் கருவியை வாங்கி, ஊர்தோறும் கூடாரம் அமைத்துக் குறும்படங்களைக் காட்டினார். மக்கள் வியந்து கண்டனர். எனினும், படம் காண்பது பொழுதுபோக்காக வளர்ந்த அளவிற்கு, நாட்டின் வரலாற்றைப் படத்தில் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அந்நாளில் வளரவில்லை. அவ்வெண்ணத்தைச் செயலாக்கும் பொறுப்பை இளைஞர் ஒருவர் பின்னாளில் தாமே மேற்கொண்டார்.

பிறப்பும் இளமையும்

செட்டி நாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்தவர் செட்டியார். கருப்பன் என்பது அவர்தம் பெயர். இளமையிலேயே அவர்க்கு எழுத்தில் ஆர்வம் மிகுந்திருந்தது. அந்நாளில் பருமா நாட்டுத் தலைநகராக விளங்கிய இரங்கூனிலிருந்து வெளிவந்த ‘தனவணிகன்’ என்னும் இதழுக்கு அவர் ஆசிரியராக அமர்ந்தார். அந்நாளில் நகரத்தார் பலர் பருமாவில் வாணிகம் செய்து பொருள் ஈட்டி வந்தனர். அவர்களைப் போலவே தாமும் வாணிகத்தில் ஈடுபட்டிருப்பின், செட்டியாரும் செல்வராய் வாழ்ந்திருக்கக்கூடும். ஆயின், அவர் உள்ளம் ஒளிப்படக் கலையை நாடிற்று.

அக்கலையைக் கற்கும் பொருட்டு அவர் சப்பானுக்குச் சென்று, டோக்கியோ நகரில் பயின்றார். பின்னர் அமெரிக்காவை அடைந்து, நியூயார்க்கு நகரில் பயிற்சியைத் தொடர்ந்தார். சென்றவிடமெல்லாம் கண்டவற்றைத் தமிழில் எழுதினார். அயல்நாட்டாரின் பழக்கவழக்கங்களை இகழ்ந்தும் எழுதாமல், மிகைப்படப் புகழ்ந்தும் எழுதாமல், உள்ளவாறே எளிய நடையில் எழுதியமை அவர்தம் எழுத்தின் சிறப்பாகும். இவ்வாறு நாடு பல கண்டமையால், உலகம் சுற்றிய தமிழர் என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தனர்.

கடற்பயணத்தில் எழுந்த எண்ணம்

1937-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள். நியூயார்க்கினின்று அயர்லாந்தின் டப்ளின் நகரை நோக்கிச் சென்ற கப்பலில் செட்டியார் பயணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். அடிகளின் வாழ்க்கையை முழுமையாகக் காட்டும் ஆவணப்படம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்னும் எண்ணம் அக்கடற்பயணத்திலே அவர்க்கு உதித்தது.

அப்போது செட்டியாருக்கு வயது 26 நிரம்பவில்லை. கையில் பெரும்பொருள் இல்லை. நாடோ அயலார் ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியை எதிர்த்து நின்ற தலைவரைப் பற்றிய படத்திற்கு அரசின் ஆதரவை எதிர்பார்த்தல் இயலாது. இவற்றினும் வியப்பான இடையூறு ஒன்றும் இருந்தது. அஃது யாதெனின், படத்தின் தலைவராகிய காந்தியடிகளே திரைப்படத்தில் நாட்டம் இல்லாதவர். 1927-ஆம் ஆண்டு திரைப்படத் தொழிலை ஆராய அமைந்த குழுவினர் கருத்துக் கேட்டபோது, தாம் ஒருநாளும் திரைப்படம் பார்த்ததில்லை என்றே அடிகள் விடையளித்திருந்தார். படம் பிடிப்பவர் முன் நின்று தோற்றம் காட்டுதலும் அவர்க்கு உவப்பன்று.

இத்துணை இடையூறுகளையும் எண்ணிப் பார்த்த பின்னரும் செட்டியார் தளர்ந்தாரில்லை. தாய்நாடு திரும்பி, துணைபுரிய முன்வந்தோரைக் கூட்டி, ஆவணப்படம் எடுப்பதற்கென்றே நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். பாரிசு நகரில் பயின்று திரும்பிய டாக்டர் பி. வி. பதி என்னும் ஒளிப்பதிவாளர் அவர்க்கு உறுதுணையானார்.

தேடலின் அருமை

அடிகளின் வாழ்க்கையைப் புதிதாகப் படம் பிடித்தால் மட்டும் போதாது. கடந்துபோன நாட்களைக் கருவி கொண்டு மீண்டும் பிடித்தல் எவராலும் இயலாது. 1930-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சாபர்மதியினின்று புறப்பட்டுத் தண்டியை நோக்கி நடந்த அடிகளின் உப்புப் பயணத்தை 1938-ஆம் ஆண்டில் மீண்டும் காணக்கூடுமோ? ஆதலின், அந்நிகழ்ச்சிகள் நிகழ்ந்த காலத்திலேயே பிறர் எடுத்த படச்சுருள்களைத் தேடித் திரட்டுதலே செய்யத்தக்கதாயிற்று.

அக்காலத்தில் தொலைக்காட்சி இல்லை. திரையரங்குகளில் கதைப்படத்திற்கு முன்னர்ச் செய்திப்படம் காட்டுவது வழக்கம். அச்செய்திப்படங்களை எடுக்கும் நிறுவனங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் இருந்தன. ஒரு வாரத்துச் செய்தி மறுவாரத்தில் பழமையாகிவிடும். பழமையான சுருள்கள் பேழைகளில் அடைபட்டு நிலவறைகளில் கிடக்கும். சிலவற்றில் குறிப்பே இராது. குறிப்பிருப்பினும் பெயர் பிழைபட்டிருக்கும். அவற்றினிடையே காந்தியடிகள் தோன்றும் சில மணித்துளிக் காட்சியைத் தேடுதல், வைக்கோற்போரில் ஊசியைத் தேடுதலை ஒத்த அருஞ்செயலாகும்.

அச்செயலை மேற்கொண்ட செட்டியார் நான்கு கண்டங்களிற் பயணம் செய்தார். அவர் கடந்த தொலைவு ஏறக்குறைய 1,00,000 மைல் என்பர். அடிகள் 1893-ஆம் ஆண்டு முதல் 1914-ஆம் ஆண்டு வரை பெரும்பாலும் வாழ்ந்த தென்னாப்பிரிக்காவிற்குச் சென்று, அவர் வாழ்ந்த இடங்களைக் கண்டு படம் பிடித்தார். இங்கிலாந்தில் செய்திப்பட நிறுவனங்களின் வாயில்தோறும் சென்றார். இங்ஙனம் அவர் திரட்டியவை ஏறக்குறைய 50,000 அடி நீளமுள்ள படச்சுருள்கள். 30 ஆண்டுக் காலத்தில் ஏறக்குறைய 100 ஒளிப்பதிவாளர்கள் தனித்தனியே எடுத்தவை அவை. ஒருவர் எடுத்ததை மற்றொருவர் அறியார். அவர்தம் உழைப்பெல்லாம் நூலறுந்த மணிகள் போல் உலகெங்கும் சிதறிக் கிடந்தது. அம்மணிகளைப் பொறுக்கி ஒரு நூலிற் கோத்தவர் செட்டியார்.

50,000 அடி என்பதன் அளவைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம். திரையரங்குகளில் வழங்கிய படச்சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள் உண்டு. எனவே, 50,000 அடியில் உள்ளவை 8,00,000 படங்கள். பேசும் படத்தின் வேகத்தில் இடைவிடாது ஓட்டின், அவை ஒன்பது மணி நேரத்திற்கு மேல் ஓடும். அவற்றையெல்லாம் பலமுறை பார்த்து, வேண்டாதன நீக்கி, வேண்டியவற்றைக் காலமுறைப்படி அடுக்குதல் வேண்டும். மேலும், ஊமைப்படக் காலத்தில் ஒளிப்பதிவாளர் கருவியைக் கையால் சுழற்றிப் படம் பிடித்தனர்; அவ்வேகம் பேசும் படத்தின் வேகத்தினும் குறைவு. அதனைப் பேசும் படக் கருவியில் ஓட்டினால், மெல்ல நடப்பவரும் ஓடுவார் போலத் தோன்றுவர். பழஞ்சுருள்களைக் கொண்டு படம் தொகுப்போர் எல்லாரும் எதிர்கொண்ட இடர்ப்பாடு இது.

செட்டியார் இப்பணியில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே, 1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அதன்பின் கடலும் வானும் பயணத்திற்கு ஏலாதனவாயின. நகரங்கள் பல குண்டுவீச்சுக்கு இரையாயின. சில ஆண்டுகள் அவர் தாழ்த்திருப்பின், அச்சுருள்களுள் பல அவர்க்குக் கிட்டாமலே போயிருத்தல் கூடும்.

படச்சுருளில் வாழும் உலகம்

அக்காலத்துச் செய்திப்படங்களில் நாம் காண்பது தலைவர் ஒருவரை மட்டும் அன்று. தலைவரைச் சூழ்ந்த உலகமும் அவற்றில் உடன் பதிந்துள்ளது. தண்டிப் பயணத்தில் அடிகளின் பின்னே நடப்போரையும், வழிநெடுக நின்று காண்போரையும், புழுதி படிந்த சாலையையும் காண்கின்றோம்.

1931-ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டிற்காக இங்கிலாந்து சென்ற காந்தியடிகள், அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் இலங்காசயர் பகுதிக்கும் சென்றார். அப்பகுதி பருத்தி ஆலைகள் நிறைந்தது. இந்தியர் அயல்நாட்டுத் துணியை விலக்கியமையும், உலகெங்கும் வாணிகம் சரிந்தமையும் அவ்வாலைத் தொழிலாளரை வாட்டின. பலர் வேலையிழந்து வருந்தினர். அங்குச் சென்றால் வெறுப்பே விளையும் என்று பலர் கருதினர். ஆயின், அடிகள் அவர்களிடம் நேரிற் சென்று, தம் நாட்டுச் சிற்றூர் மக்களின் வறுமையை எடுத்துரைத்தார். டார்வென் என்னும் ஊரில் ஆலை மகளிர் அவரைச் சூழ்ந்து நின்று ஆர்ப்பரித்து வரவேற்றனர். ஒளிப்பதிவாளர் அப்பயணத்தைப் படம் பிடித்தனர். நூலையும் துணியையும் நம்பி வாழும் திருப்பூர் போன்ற நகரத்தார்க்கு அக்காட்சி தனிப்பொருள் உடையது. ஒரு நாட்டின் துணி வாணிகம் தாழும்போது, எங்கோ உள்ள தொழிலாளியின் அடுப்பு அணைகின்றது என்னும் உண்மையையும், துயருற்றவர் இருதிறத்தாராயினும் அன்பினால் ஒருவரையொருவர் உணரக்கூடும் என்னும் உண்மையையும் அஃது ஒருங்கே உணர்த்துகின்றது.

படம் வெளிவந்தது

செட்டியாரின் உழைப்புப் பயன் தந்தது. 1940-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 23-ஆம் நாள், காந்தியடிகளைப் பற்றிய அவ்வாவணப்படம் தமிழ் விளக்கவுரையோடு சென்னை ராக்ஸி திரையரங்கில் வெளியாயிற்று. அந்நாளில் அடிகள் வாழ்ந்துகொண்டிருந்தார். நாடு விடுதலை பெற்றிலது. ஆயினும், ஒரு பெருந்தலைவரின் வாழ்க்கையைத் தமிழ் மக்கள் தம் மொழியிலேயே கேட்டும் கண்டும் உணரும் வாய்ப்பைச் செட்டியார் உண்டாக்கினார்.

பின்னர்ப் படம் பிற மொழிகளிலும் அமைந்தது. விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அதன் இந்தி வடிவம் தில்லியில் காட்டப்பெற்றது. அடிகள் மறைந்த பின்னர், செட்டியார் மீண்டும் அமெரிக்கா சென்று, ஆலிவுட்டில் ஆங்கில வடிவத்தை உருவாக்கினார். அது 1953-ஆம் ஆண்டு அந்நாட்டில் வெளியாயிற்று. கப்பலில் தனித்திருந்த இளைஞர் ஒருவரின் உள்ளத்தில் எழுந்த எண்ணம், 16 ஆண்டுகளுக்குள் உலகின் மறுகோடி வரை சென்றது.

ஏட்டுப் பணி

இத்துணை அரும்பணி ஆற்றியவர் அதனைச் சொல்லிப் புகழ் தேடினாரில்லை. 1943-ஆம் ஆண்டு முதல் தம் இறுதிக்காலம் வரை, ‘குமரி மலர்’ என்னும் திங்கள் இதழை அவர் நடத்தினார். பழைய ஏடுகளிலும் இதழ்களிலும் மறைந்து கிடந்த அரிய கட்டுரைகளைத் தேடியெடுத்து அவ்விதழில் பதிப்பித்தார். தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றிப் பலர் பல காலங்களில் எழுதிய பயணக் கட்டுரைகளைத் திரட்டி, 1968-ஆம் ஆண்டு ‘தமிழ்நாடு’ என்னும் பெயரால் பெருந்தொகுப்பாக வெளியிட்டார்.

நுனித்து நோக்குவார்க்கு அவர்தம் படப்பணியும் ஏட்டுப் பணியும் ஒன்றே என்பது விளங்கும். இரண்டிலும் அவர் செய்தது, பிறர் உழைப்பால் விளைந்து சிதறிக் கிடந்தவற்றைத் தேடிச் சேர்த்தல். இரண்டிலும் அவர் தம்மை மறைத்துக்கொண்டார். தாம் சுற்றிய நாடுகளைப் பற்றி எழுதும்போதும் தம்மைப் பற்றி எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். 1983-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

இழப்பும் மீட்பும்

சிதறியவற்றைச் சேர்த்த செட்டியாரின் படத்திற்கே சிதைவு நேர்ந்தமை வருந்தத்தக்கது. அக்காலத்துப் படச்சுருள் நைத்திரேட்டு என்னும் பொருளால் ஆயது. அது விரைவில் தீப்பற்றும். வெம்மையிலும் ஈரத்திலும் நாளடைவில் ஒட்டிக்கொண்டு பொடியாகும். குளிரூட்டிய அறையில் பேணாவிடின், எத்துணை அரிய காட்சியும் அழிந்துபடும். 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்ப்படம் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. கடலும் மலையும் கடந்து தேடிய ஒருவரின் படத்தையே பிற்காலத்தார் தேட வேண்டிய நிலை உண்டாயிற்று.

எனினும், முற்றும் இழந்துவிட்டோம் என்பதற்கில்லை. படம் எடுத்த வரலாற்றைச் செட்டியார் தம் பிற்காலத்தில் ‘குமரி மலர்’ இதழில் எழுதினார். ஆய்வறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி அக்கட்டுரைகளைத் தொகுத்து, 2003-ஆம் ஆண்டு ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாகப் பதிப்பித்தார். ஆங்கில வடிவத்தின் படியொன்று அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் இருத்தலும் பின்னர் அறியப்பட்டது. படத்தில் காத்ததை மறந்தவிடத்து, ஏட்டில் காத்தது துணைநின்றது.

முடிவுரை

ஆக்குதல் அரிது, ஆக்கியதைக் காத்தல் அதனினும் அரிது. செட்டியாரின் வாழ்க்கை கற்பிக்கும் பாடம் இதுவே. பெரும்பொருளும் பேராட்சியும் துணையில்லாத இளைஞர் ஒருவர், விடாமுயற்சி ஒன்றையே துணையாகக் கொண்டு, ஒரு காலத்தின் உருவத்தைத் திரட்டினார். அத்திரட்டைப் பேணும் கடமை அவரோடு முடிவதன்று. பின்வருவோர் அனைவர்க்கும் உரியது.

ஒவ்வோர் ஊரிலும் மறைந்துகொண்டிருக்கும் உலகம் ஒன்று உண்டு. இராட்டை சுற்றிய மூதாட்டியின் கைத்திறம், கைத்தறிக் குழியில் அமர்ந்த நெசவாளரின் காலசைவு, கையால் இயக்கிய பழைய பின்னல் எந்திரத்தின் ஓட்டம் ஆகியவை திருப்பூர் வட்டாரத்தில் நாளுக்கு நாள் அருகி வருகின்றன. இந்நாளில் அசையும் படம் எடுக்கும் கருவி ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் உள்ளது. செட்டியாருக்கு 1,00,000 மைல் பயணம் வேண்டியிருந்தது. இன்றைய மாணவர்க்கு அடுத்த தெரு வரை செல்லும் பயணமே போதும். ஆனால், எடுத்த படத்தில் நாளும் ஊரும் பெயரும் குறித்து, அதனைக் கெடாமற் காக்கும் பொறுமை வேண்டும். அப்பொறுமையை மேற்கொள்ளும் மாணவரே ஏ. கே. செட்டியாரின் அடிச்சுவட்டில் நடப்பவராவர்.